இரண்டாம் இடத்தின் விலை: அமெரிக்க உப ஜனாதிபதி வேட்பாளர் தெரிவு பற்றிய ஊகங்கள் குறித்து ஒரு நோக்கு

1. முன்னுரை

ஐக்கிய அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜனாதிபதித் தேர்தல் நடைபெறுகின்றது. பிரதான கட்சிகளின் முதன்மை வேட்பாளர் யார் என்பது தெளிவானதும், கட்சி மாநாடு கூடும் வரையுள்ள சில கிழமைகளுக்கு, அந்நாட்டின் பத்திரிகைகளும் தொலைக்காட்சி நிலையங்களும் ஒரே வினாவைச் சுற்றிச் சுழல்வதைக் காணலாம். அவ்வேட்பாளர் தமக்குத் துணையாக, உப ஜனாதிபதிப் பதவிக்கு, யாரைத் தெரிவு செய்வார் என்பதே அவ்வினா. பெயர்கள் அடுக்கப்படுகின்றன, ஒவ்வொருவரினதும் பிறந்த மாநிலம், சமயம், இனம், வயது, குடும்ப வரலாறு என்பன நிறுத்துப் பார்க்கப்படுகின்றன, யாரால் எத்தனை வாக்குகள் கிட்டும் என்ற கணக்கும் போடப்படுகின்றது.

இவ்வூகங்களை வெறும் வம்பளப்பு என ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்காளர் மத்தியிலும் உண்டு. முதலாளித்துவக் கட்சிகள் இரண்டும் அடிப்படையில் ஒன்றே. அவற்றின் இரண்டாம் இடத்தில் யார் நின்றாலென்ன என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையிருப்பினும், அது முழுமையானதன்று. இரண்டாம் இடம் பற்றிய பேரம் நடைபெறும் போதே, ஆளும் அணியினுள் அடங்கியுள்ள வெவ்வேறு நலன்கள் தம்முள் எத்தகைய உடன்பாட்டுக்கு வருகின்றன என்பது வெளித்தெரிகின்றது. அவ்வுடன்பாட்டின் விலையைப் பல வேளைகளிற் செலுத்தியவர்கள், பேரம் நடந்த அறைக்குள் இடமே பெறாத மக்களாவர். இதனைச் சில வரலாற்றுச் சான்றுகள் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பதவியும் அதன் தன்மையும்

1787ஆம் ஆண்டு வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு உப ஜனாதிபதிக்கு வழங்கிய கடமைகள் மிகச் சிலவே. செனற் சபைக்குத் தலைமை தாங்குதல், அச்சபையில் வாக்குகள் சமமாகும்போது தீர்மானிக்கும் வாக்கினை அளித்தல், ஜனாதிபதியின் இடம் வெற்றிடமாகுமிடத்து அதனை நிரப்புதல் என்பனவே அவை. தொடக்கத்தில் இப்பதவிக்கெனத் தனி வேட்பாளர் இருக்கவில்லை. ஜனாதிபதித் தெரிவில் இரண்டாவதாக வந்தவரே உப ஜனாதிபதியாயினார். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரே கட்சியினரான தோமஸ் ஜெபர்சனும் ஆரன் பேரும் தலா 73 வாக்குகளைப் பெற்றனர். பிரதிநிதிகள் சபை 36 தடவை வாக்கெடுத்தே முடிவு காண நேர்ந்தது. இதன் விளைவாக 1804இல் நிறைவேறிய பன்னிரண்டாவது திருத்தம் இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்களிப்பை ஏற்படுத்தியது. கட்சியொன்று இருவரைச் சோடியாக நிறுத்தும் வழக்கம் இதன் பின்னரே நிலைபெற்றது.

ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் தமது மாநிலத்தவர் இருவருக்கு இரு பதவிகளுக்குமாக வாக்களித்தலாகாது என்ற விதியும் அரசியலமைப்பில் உண்டு. பிரதேசச் சமநிலை என்னும் கருத்தின் வித்து சட்டத்திலேயே ஊன்றப்பட்டிருந்தது எனலாம். ஆயின் அவ்வித்தை மரமாக்கியது சட்டமன்று. வடக்கின் வணிக, கைத்தொழில் முதலாளித்துவத்துக்கும் தெற்கின் அடிமை உழைப்பிற் செழித்த தோட்ட உடைமையாளருக்கும் இடையிலிருந்த முரண்பாடேயாகும்.

அதிகாரம் குறைந்த பதவியாயினும் அதன் வாயிலாக முதலிடத்தை அடைந்தோர் குறைந்த தொகையினரல்லர். இதுவரை அப்பதவியை வகித்த 50 பேரில் 9 பேர், தேர்தலின்றி, ஜனாதிபதியின் மரணத்தினாலோ பதவி விலகலினாலோ நேரடியாக ஜனாதிபதியாயினர். எண்மர் மரணத்தினாலும், ஒருவர், 1974இல் ஜெரால்ட் போர்ட், நிக்சனின் விலகலினாலும் அவ்விடத்தை எய்தினர். தேர்ந்தெடுக்கும்போது வாக்குக்காகத் தேர்ந்து, பின்னர் ஆட்சிக்காக அவரையே பெற்றுக்கொள்ளும் முரண்நிலை இங்கு பிறக்கின்றது.

3. ஊகத்தின் இலக்கணம்

இலக்கிய மாணவராகிய எமக்கு இவ்வூகங்கள் ஒரு தனி வகைப் பனுவலாகத் தோன்றுகின்றன. அவற்றுக்கென மரபுகள் உள்ளன. அவற்றின் மொழி ஆள்நிலைப்பட்ட மொழியாகும். ஒருவர் தென்னாட்டவர், கத்தோலிக்கர், போரிற் பணியாற்றியவர், ஏழைத் தாயின் மகன் என்றவாறே அது பேசும். அவர் எந்தப் பொருளாதார நலன்களுக்கு இசைவானவர் என்பதை அது அரிதாகவே பேசும்.

கோவை இலக்கியத்திற் பாட்டுடைத் தலைவன், கிளவித் தலைவன் என்னும் பாகுபாட்டை நாம் அறிவோம். துறைதோறும் காதல் மொழி பேசி நடமாடுபவன் கிளவித் தலைவன். அவனுக்குப் பெயரில்லை. பாட்டு எழுந்தது புரவலனாகிய பாட்டுடைத் தலைவன் பொருட்டு. அவன் நாடும் மலையும் வெற்றியும் அடைமொழிகளாக ஆங்காங்கே வந்து செல்லும். தேர்தற்கால ஊகங்களிலும் இத்தகைய இரட்டை அமைப்பே காணப்படுகின்றது. எல்லோரும் பேசும் ஆளுமை கிளவித் தலைவனாக முன்னே நிற்கப் புரவலர் பின்னே நிற்கின்றனர். வேறுபாடு ஒன்றுண்டு. கோவையிற் கிளவித் தலைவனுக்குப் பெயரில்லை. இங்கோ புரவலருக்கே பெயரில்லை. அப்பெயரைக் கண்டுகொள்வதே ஆய்வாளன் பணி.

4. 1864: சமநிலையின் முதற் பெருவிலை

உள்நாட்டுப் போர் முடிவுறாத நிலையில் 1864இல் ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறை போட்டியிட்டார். முதலாம் முறை அவரோடு நின்றவர் மேய்ன் மாநிலத்தவரும் அடிமைமுறை எதிர்ப்பாளருமான ஹனிபல் ஹம்லின். இம்முறை அவர் கைவிடப்பட்டார். டென்னசி மாநிலத்தவரும், பிரிந்து சென்ற தென் மாநிலங்களைச் சேர்ந்த செனற்றர்களுள் ஒன்றியத்தை விட்டு நீங்காத ஒருவருமான அன்ட்ரூ ஜோன்சன் அவ்விடத்திற்கு நியமிக்கப்பட்டார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். போரை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினரையும் எல்லை மாநிலங்களையும் அணைத்துச் செல்லத் தகுந்தவர் என்பதே அவருக்குரிய தகைமை. வாக்குக் கணக்கின்படி இது பிழையான தெரிவு என்று கூறுதல் அரிது.

1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜனவரியில் தளபதி ஷேர்மன் பிறப்பித்த கட்டளையின் கீழ், தென் கரோலைனா, ஜோர்ஜியா, புளோரிடா கரையோரங்களில், விடுதலை பெற்ற அடிமைகள் ஏறத்தாழ 40,000 பேர் குடும்பத்திற்கு 40 ஏக்கர் என்ற அடிப்படையிற் குடியேறிப் பயிர் செய்து கொண்டிருந்தனர். ஜோன்சன் பழைய உடைமையாளருக்குப் பொதுமன்னிப்பு வழங்கி, நிலங்களை அவர்களிடமே மீள ஒப்படைக்கச் செய்தார். குடியேறியவர்கள் வெளியேற்றப்பட்டனர். விடுதலை பெற்றோருக்கு உதவும் சட்டமூலங்களை அவர் தமது தடையதிகாரத்தால் மறுத்தார். காங்கிரஸ் 1866இல் குடியுரிமைச் சட்டத்தை அவரது தடையை மீறி நிறைவேற்றியது. 1868இல் அவர் மீது குற்றப் பிரேரணையையும் கொணர்ந்தது. செனற் சபையில் ஒரேயொரு வாக்குக் குறைவினால் அவர் தப்பினார். ஆயினும் பறிக்கப்பட்ட நிலம் மீளவில்லை. சட்டப்படி விடுதலை பெற்ற ஏறத்தாழ 40 இலட்சம் மக்களிற் பெரும்பாலோர் நிலமற்ற வாரக்குடிகளாகப் பழைய எசமானரிடமே திரும்ப வேண்டியவராயினர்.

1864இல் ஊகித்தவர்கள் கேட்ட வினா, ஜோன்சனால் எத்தனை வாக்குகள் வரும் என்பது. அவ்வாக்குகளின் விலையை யார் செலுத்துவர் என்ற வினாவை எழுப்பக்கூடிய மக்களுக்கு அன்று வாக்குரிமையே இருக்கவில்லை.

5. 1944: மக்கள் விருப்பும் கட்சிப் பொறியும்

1940இல் தமக்குத் துணையாக ஹென்றி வொலஸை ஏற்காவிடிற் போட்டியிடப் போவதில்லை என்று பிராங்ளின் ரூஸ்வெல்ற் கட்சி மாநாட்டுக்கு நிபந்தனை விதித்தார். துணையைத் தெரிவது வேட்பாளரின் உரிமை என்னும் வழக்கம் வலுப்பெற இது பெரிதும் காரணமாயிற்று. ஐயோவா மாநிலத்தவரான வொலஸ் விவசாயச் செயலாளராகப் பணியாற்றியவர். வரப்போகும் நூற்றாண்டு சாதாரண மனிதனின் நூற்றாண்டாக வேண்டுமென்ற கருத்தை 1942 மே மாதத்தில் ஆற்றிய உரையொன்றில் முன்வைத்துப் புகழ்பெற்றவர்.

1944 மார்ச் மாதத்தில் ரூஸ்வெல்ற்றைப் பரிசோதித்த வைத்தியர் அவரது இருதயம் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இச்செய்தி மக்களுக்கு மறைக்கப்பட்டது. எனினும் கட்சியின் உள்வட்டத்தினருக்கு அவரது தோற்றமே போதிய சான்றாக இருந்தது. எனவே அவ்வாண்டு இரண்டாம் இடம் பற்றிய போட்டி உண்மையில் முதலாம் இடம் பற்றிய போட்டியாயிற்று.

அன்றைய ஜனநாயகக் கட்சி முரண்பட்ட சக்திகளின் கூட்டாக விளங்கியது. வடக்கின் தொழிற்சங்கங்கள், பெருநகரங்களின் கட்சிப் பொறிகளை இயக்கிய தலைவர்கள், தெற்கின் வெள்ளையின நிலவுடைமையாளர் என்போர் ஒரே குடையின் கீழ் நின்றனர். வொலஸைத் தெற்கும் கட்சிப் பொறிகளும் ஏற்கவில்லை. தென் கரோலைனாவின் ஜேம்ஸ் பேர்ன்ஸைத் தொழிற்சங்கத் தலைவர் சிட்னி ஹில்மன் முதலியோர் ஏற்கவில்லை. யூலை 11இல் வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ற்றுடன் கூடிக் கதைத்தவர்களுள் சிக்காகோ நகர முதல்வர் எட்வேட் கெலி, கட்சியின் பொருளாளரும் கலிபோர்னியாவின் எண்ணெய் முதலாளியுமான எட்வின் போலி ஆகியோரும் இருந்தனர். எஞ்சிய பெயர், யாரும் பெரிதாக விரும்பாத, யாரும் பெரிதாக வெறுக்காத மிசூரி மாநிலச் செனற்றர் ஹரி ட்ரூமனின் பெயராகும்.

அவ்வேளை வெளியான கலப் கருத்துக் கணிப்பின்படி, ஜனநாயகக் கட்சி வாக்காளரில் நூற்றுக்கு 65 பேர் வொலஸையும் 2 பேர் ட்ரூமனையும் விரும்பினர். யூலை 20இல் சிக்காகோ மாநாட்டில் வொலஸ் உரையாற்றினார். வாக்களிப்பதற்கென விதிக்கப்பட்ட தலைவரி ஒழிய வேண்டும், இனமோ பாலோ பாராது சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்றார். அன்றிரவு மண்டபம் அவரது பெயரால் அதிர்ந்தது. உடனே வாக்கெடுப்பு நடந்தால் அவர் வென்றுவிடுவார் என்று அஞ்சிய நிலையிற் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் முதலாவது வாக்கெடுப்பில் வொலஸ் 429½ வாக்குகளும் ட்ரூமன் 319½ வாக்குகளும் பெற்றனர். இரண்டாவது வாக்கெடுப்பிற் பேராளர் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ட்ரூமன் 1,031, வொலஸ் 105 என்பதே இறுதி எண்ணிக்கை.

ட்ரூமன் உப ஜனாதிபதியாக இருந்தது 82 நாள்களே. 1945 ஏப்ரல் 12இல் ரூஸ்வெல்ற் மறைந்தார். வொலஸ் உப ஜனாதிபதியாக இருந்தபோது அறிந்திருந்த அணுகுண்டுத் திட்டத்தின் முழு விபரம் ட்ரூமனுக்கு ஏப்ரல் 25இலேயே விளக்கப்பட்டது. நான்கு மாதங்கள் நிறைவுறுமுன் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் அக்குண்டுகள் வீசப்பட்டன. சோவியத் ஒன்றியத்துடன் இணக்கம் வேண்டுமென்று பேசியமைக்காக வொலஸ் 1946 செப்ரெம்பரில் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். 1947 மார்ச்சில் ட்ரூமன் கோட்பாடு பிரகடனமாயிற்று.

வொலஸ் இருந்திருந்தாற் கெடுபிடி யுத்தமே தோன்றியிராது எனச் சிலர் எழுதுவர். இது வரலாற்றைத் தனிமனிதர் மேல் ஏற்றும் கருத்துமுதல்வாத நோக்காகும். வரலாற்றில் தனிமனிதரின் பங்கு பற்றி 1898இல் எழுதிய பிளெக்கனோவ், சமூக சக்திகளின் உறவே தனிமனிதருக்குரிய இடத்தை வரையறுக்கின்றது என்பதையும், அவ்வரையறைக்குள் அவர்களது இயல்புகள் நிகழ்ச்சிகளின் உருவத்தை மாற்றக்கூடும் என்பதையும் ஒருங்கே வலியுறுத்தினார். 1948இல் தனிக்கட்சியின் சார்பிற் போட்டியிட்ட வொலஸ் நூற்றுக்கு 2.4 வாக்குகளையே பெற்றார் என்பதும், 1950இல் கொரிய யுத்தத்தை ஆதரித்து அக்கட்சியையே விட்டு நீங்கினார் என்பதும் மனங்கொளத்தக்கவை. அவ்வாறே, தொழிற்சங்க உரிமைகளைக் கட்டுப்படுத்திய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தை ட்ரூமன் தமது தடையதிகாரத்தால் மறுத்தார் என்பதையும் காங்கிரஸ் அத்தடையை மீறியது என்பதையும் மறைத்தலாகாது. சிக்காகோவில் தோற்றது ஒரு மனிதரின் எதிர்காலம் மட்டுமன்று. கட்சிப் பொறிக்கு வெளியே தனது விருப்பை நிலைநாட்டவல்ல அமைப்பு உழைக்கும் மக்களிடம் இருக்கவில்லை என்ற உண்மையே அங்கு வெளிப்பட்டது.

6. இரு ஜோன்சன்கள்

1960இல் மாசசூசெற்ஸ் மாநிலத்தவரான ஜோன் கென்னடி டெக்சாஸின் லிண்டன் ஜோன்சனைத் தெரிந்தார். தொழிற்சங்கத் தலைவர்கள் சினந்தனர். டெக்சாஸின் 24 தேர்வாளர் வாக்குகளே நோக்கம் என்பது வெளிப்படை. 1957ஆம் ஆண்டு வரை குடியுரிமைச் சட்டமூலங்களை எதிர்த்தே வந்தவர் ஜோன்சன். கென்னடி 1963 நவம்பரில் கொல்லப்பட, ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில், வடக்கரின் துணையாகத் தெரிவான தென்னாட்டு ஜோன்சன் ஒருவர் மீண்டும் ஜனாதிபதியானார்.

பிறப்பும் பிரதேசமும் ஒருவரின் செயலைத் தீர்மானிக்கும் என்ற ஊகத்தின் அடிப்படை சரியாயின், 1865 மீள நிகழ்ந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்தது மறுதலையானது. 1964இல் குடியுரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் அவர் கையொப்பத்துடனேயே நிறைவேறின. மொன்ற்கொமெரியின் பேருந்துப் புறக்கணிப்பு, 1960இன் உணவுச்சாலை மறியல்கள், 1963இல் பேர்மிங்ஹாம் வீதிகளிற் சிறுவர் சிறுமியரும் கைதான போராட்டம், அவ்வாண்டு ஓகஸ்டில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் திரண்ட வாஷிங்ரன் பேரணி என்பன இடையில் நிகழ்ந்திருந்தன. எதிர்த்து நிற்கும் விலை இணங்கிச் செல்லும் விலையிலும் கூடியதாயிற்று. அதே ஜோன்சன் வியட்நாமில் 1968 அளவில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படையினரை நிறுத்தினார். அவ்விடயத்தில் அவரைத் தடுக்கவல்ல மக்கள் சக்தி உரிய வேளையில் திரண்டிருக்கவில்லை. ஒருவரே இரு துறைகளில் இருவராக நின்றமைக்கு அவரது சுபாவத்தில் மட்டும் விளக்கம் தேடுதல் பயனற்றது.

7. அண்மைக்கால அனுபவம்

அண்மைய தேர்தல்களில் ஊகத்தின் அளவுகோல் பிரதேசத்திலிருந்து அடையாளத்திற்கு நகர்ந்துள்ளது. 2020 மார்ச்சில் ஜோ பைடன் தமது துணை ஒரு பெண்ணாக இருப்பார் என அறிவித்தார். மே 25இல் ஜோர்ஜ் புளொயிட் பொலிசாராற் கொல்லப்பட்டார். நாடெங்கும் மக்கள் வீதிக்கிறங்கினர். அதன் பின்னர், துணையாகக்கூடியவர் எனப் பேசப்பட்டவர்களுள் ஒருவரான செனற்றர் ஏமி குளோபுச்சார் விலகிக்கொண்டு, வெள்ளையரல்லாத பெண்ணொருவரைத் தெரியுமாறு வேண்டினார். ஓகஸ்ட் 11இல் கமலா ஹரிஸின் பெயர் வெளியாயிற்று.

தமிழ் வாசகர் இச்செய்தியைத் தனி ஈடுபாட்டுடன் பெற்றனர். அவரது தாயார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்திற் கொண்டாட்டம் நிகழ்ந்தது. ஏற்புரையில் அவர் சித்திமாரை நினைவுகூர்ந்தபோது எம்மவர் பலர் நெகிழ்ந்தனர். இவ்வுணர்வைக் கேலி செய்தல் எமது நோக்கமன்று. நிறவெறி ஆழ வேரூன்றிய நாட்டில், முதற் பெண் உப ஜனாதிபதி கறுப்பின, ஆசியப் பெற்றோரின் மகளாக அமைந்தமை அற்ப நிகழ்ச்சியன்று. ஆயினும் வீதியில் நின்ற மக்கள் கேட்டது பொலிஸ் வன்முறைக்கு முடிவு. தெரிவானவரோ கலிபோர்னியாவின் அரச வழக்குத்தொடுநராக விளங்கியவர். புளொயிட்டின் பெயரால் அமைந்த பொலிஸ் சீர்திருத்தச் சட்டமூலம் 2021இற் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனற் சபையைத் தாண்டவில்லை. கோரிக்கைக்குப் பதிலாக ஒரு வாழ்க்கை வரலாறு வழங்கப்பட்டது எனலாம்.

2024இல் இவ்வியல்பு மேலும் துலக்கமாயிற்று. டொனால்ட் ட்ரம்ப் யூலை 15இல் அறிவித்த ஜே. டி. வான்ஸ், ஒகையோவின் உருக்காலை நகரொன்றில் வளர்ந்த கதையை 2016இல் வெளியிட்ட சுயசரிதை நூலாற் புகழ் பெற்றவர். அந்நூலே அவருக்கு அரசியல் நுழைவுச்சீட்டாயிற்று. அவர் முதலீட்டுத் துறையிற் பணியாற்றியவர் என்பதும், 2022இல் அவரது செனற் தேர்தலுக்குத் தொழில்நுட்பத் துறை முதலாளி பீற்றர் தீல் 150 இலட்சம் டொலர் வழங்கினார் என்பதும் அக்கதையின் பின்னணியில் நின்றன. மறுபுறம், பைடன் யூலை 21இல் விலக, இரண்டாம் இடத்திலிருந்த ஹரிஸ் முதலிடத்திற்கு வந்தார். அவருக்கு யார் துணை என்ற ஊகம், பென்சில்வேனியாவின் 19 வாக்குகளைக் கருதி, அம்மாநில ஆளுநரைச் சுற்றியே பெரிதும் நிகழ்ந்தது. தெரிவானவர் மினசோட்டா ஆளுநரும் முன்னாட் பாடசாலை ஆசிரியருமான டிம் வோல்ஸ். நவம்பரில் அவர்கள் தோல்வியுற்றனர். இரு கட்சிகளும் தொழிலாளியின் சாயலை இரண்டாம் இடத்தில் நிறுத்தப் போட்டியிட்டமை கவனத்திற்குரியது. உழைப்பாளரின் வாழ்க்கைக் கதைக்கு அங்கு இடமிருந்தது. அவர்களது அமைப்புகளுக்கோ தெரிவிற் குரல் கொடுப்பதற்கு அப்பால் இடமிருக்கவில்லை.

8. முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை வகுத்துக் கொள்ளலாம். முதலாவதாக, உப ஜனாதிபதி வேட்பாளர் தெரிவு என்பது ஆளும் கூட்டினுள் நிகழும் உடன்பாட்டின் ஆள்வடிவம். இரண்டாவதாக, அவ்வுடன்பாட்டுக்குச் சமநிலை என்ற பெயர் சூட்டப்படினும், அதன் சுமை சமமாகப் பகிரப்படுவதில்லை. 1865இற் கரோலைனாக் கரையோரத்தில் தாம் விதைத்த நிலத்தை விட்டு வெளியேறியவர்களே அதற்குச் சாட்சி. மூன்றாவதாக, தெரிவான மனிதர் என்ன செய்வார் என்பதை அவரது பிறப்பும் வளர்ப்பும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவருக்கு வெளியே திரண்டு நிற்கும் மக்களின் வலிமையும் தீர்மானிக்கின்றது.

எனவே அடுத்த தேர்தலில் இவ்வூகங்கள் மீண்டும் எழும்போது, அவற்றைப் படியாது விடவேண்டும் என நாம் கூறவில்லை. யார் வருவார், எத்தனை வாக்குகள் கொணர்வார் என்ற வினாக்களுடன், யாருடைய பொருட்டு வருகின்றார், அவ்வரவுக்காகக் கைவிடப்படுவோர் யாவர் என்ற வினாக்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும். 1864இல் அவ்வினாக்களைக் கேட்க வேண்டியவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. 1944இல் வாக்கிருந்தும் அமைப்பிருக்கவில்லை. 1963இல் அமைப்பு இருந்தது. அதனாலேயே, யாரும் எதிர்பாராத ஒரு மனிதரின் கையால் அவர்கள் தமது சட்டத்தைப் பெற்றனர்.